இரண்டு சந்திப்பு அவகாசம்

ஏப்ரல் 3, வியாழன்

மேடம்,

உங்கள் விதிமுறைத் தாளின்படியே எழுதுகிறேன். சந்திப்புக்கு வெளியே போன் கூடாது, குறுஞ்செய்தி கூடாது, கடிதம் மட்டும். கடிதத்தில் பெயர் கூடாது, சந்திப்பு நேரத்தைக் குறிப்பிட்டால் போதும். ஏழு நாளுக்குள் பதில் வரும். நாங்கள் புதன்கிழமை மாலை ஐந்தரை. நவம்பர் முதல் மார்ச் 12 வரை உங்கள் அறையில் சாம்பல் நிற சோபாவின் இடது பக்கம் உட்கார்ந்தவள் நான். வலது பக்கம் உட்கார்ந்தவர் மார்ச் 27 அன்று வீட்டைவிட்டுப் போய்விட்டார்.

அன்று எங்கள் மகளுக்குக் கடைசிப் பரீட்சை. நான் வேலையிலிருந்து ஆறு பத்துக்கு வந்தேன். கூடத்தில் இரண்டு பெட்டிகள் பூட்டி நின்றன. "பரீட்சை முடிஞ்சிருச்சு. நான் கிளம்பறேன்" என்றார், ஏதோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதுபோல.

அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் டிரைவிங் ஸ்கூலுக்கு மேல்மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறார். மூன்று நாள் கழித்து, மறந்து வைத்துவிட்டுப் போன பிரஷர் மாத்திரையைக் கொடுக்கப் போனேன். (ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். எனக்கே வெட்கமாக இருக்கிறது.) ஜன்னலில் அளவெடுத்துத் தைத்த திரைச்சீலை தொங்கியது. அலமாரிக் கதவுக்குப் பெயின்ட் அடித்து, அது காய்ந்து, வாசனையும் போய்விட்டிருந்தது. ஒரு வாரத்தில் ஆகிற காரியம் இல்லை.

"எப்போ முடிவு பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"எனக்குத் தெரியணும்."

"நான் ஒண்ணும் ஒளிச்சு வைக்கலையே. மேடம்கிட்ட எப்பவோ சொல்லிட்டேன். வேணும்னா கேட்டுப் பாரு."

அதனால் கேட்கிறேன்.

பிப்ரவரி 19, புதன். நான் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள் என்பது உங்களுக்குத் தெரியும். வேறு ஊரிலுள்ள பெரிய கூடத்துக்கு என்னைத் தலைமைப் பொறுப்பில் அனுப்புவதாக இருந்தார்கள். பதினோரு வருடம் காத்திருந்த பதவி. அன்று உங்கள் எதிரில் சொன்னேன்: "வேண்டாம்னு எழுதிட்டேன் மேடம். நாளைக்குக் கடைசி நாள், குடுத்துடுவேன். இப்பதான் வீடு வீடா இருக்கு. இதை விட்டுட்டு எங்க போக?" நீங்கள் பேனாவை மூடி வைத்தீர்கள். "பெரிய முடிவு. சொன்னதுக்கப்புறம் எப்படி இருக்கு?" என்றீர்கள். லேசா இருக்கு என்றேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அதைச் சொன்ன நிமிடத்தில், அவர் போகப்போகிறார் என்று உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? ஒரு வார்த்தை போதும். எங்கள் கூடத்தில், எடுத்த நேரம் எழுதாத தண்ணீர் பாட்டிலைச் சோதிக்க மாட்டோம், கொட்டிவிடுவோம். எனக்கு அந்த நேரம் வேண்டும்.

புதன் ஐந்தரை (மனைவி)

•

ஏப்ரல் 9, புதன்

புதன் மாலை ஐந்தரை மணியினர் இருவருக்கும்,

மனைவி எழுதிய ஏப்ரல் 3 தேதிக் கடிதம் கிடைத்தது. விதி ஆறின்படி ஒருவர் எழுதும் கடிதத்தை மற்றவர் பார்க்க உரிமை உண்டு. எனவே அதன் நகலை இந்தப் பதிலுடன் கணவருக்கும் அனுப்பியுள்ளேன்.

சந்திப்பில் பேசப்பட்டவை இருவருக்கும் பொதுவானவை. அவற்றில் எதையும் எழுத்தில் தர வேண்டுமானால் இருவரின் கையெழுத்தும் தேவை. ஒருவரின் கோரிக்கையை மட்டும் வைத்து, யார் எதை எப்போது சொன்னார் என்பதை நான் உறுதிசெய்யவோ மறுக்கவோ இயலாது. ஒருவரை மட்டும் தனியாகச் சந்திப்பதும் இயலாது.

இருவரும் விரும்பினால் நிறைவுச் சந்திப்பு ஒன்றுக்கு நேரம் ஒதுக்கத் தயாராக இருக்கிறேன்.

மகளின் தேர்வு நல்லபடியாக முடிந்திருக்கும் என நம்புகிறேன்.

ஆலோசகர்

•

ஏப்ரல் 12, சனி

மேடம்,

இயலாது, இயலாது. இரண்டு முறை எழுதியிருக்கிறீர்கள். எண்ணினேன்.

நகல் போய்ச் சேர்ந்துவிட்டது. நேற்றுக் காலை போன் செய்தார். "எதுக்கு அந்தம்மாவை இழுக்கறே? திரைச்சீலையைப் பத்தியெல்லாமா லெட்டர் எழுதுவாங்க?" என்றார். "நீங்கதானே கேட்டுப் பாக்கச் சொன்னீங்க?" என்றேன். "ஒரு பேச்சுக்குச் சொன்னா உடனே போயிடுவியா?" என்றார். என் கடிதம் அவர் கைக்குப் போக விதி இருக்கிறது. அவர் பேச்சு என் காதுக்கு வர விதி இல்லை.

விதி இல்லை என்று சொன்னது தவறு. தாளை எடுத்துப் படித்தேன். முதல் நாள் எங்கள் இருவருக்கும் நீங்களே வாசித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கிய தாள். விதி நான்கு: "ஒருவர் என்னிடம் தனியாகச் சொல்லும் எதையும் மற்றவரிடமிருந்து மறைத்துவைக்கும் பொறுப்பை நான் ஏற்பதில்லை. அப்படி ஒன்று என் காதுக்கு வந்தால், சொன்னவர் தானே வெளிப்படுத்த இரண்டு சந்திப்பு அவகாசம் உண்டு. அதற்குள் அவர் சொல்லாவிட்டால், காரணம் கூறாமல் சந்திப்புகளை நிறுத்திவிடுவேன்." நீங்கள் நிறுத்தவில்லை. அப்படியானால் அவர் உங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவர் பொய் சொல்கிறார். அல்லது நீங்கள். இரண்டில் எது என்று தெரியாமல் நான் பல் தேய்க்கிறேன், பஸ் ஏறுகிறேன், தண்ணீரில் குளோரின் பார்க்கிறேன்.

எதற்கு இந்தப் பிடிவாதம் என்று நினைப்பீர்கள். என் அக்காவும் அதையேதான் கேட்டாள்: "போனவன் போயிட்டான். தேதியை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே, சட்டம் போட்டு மாட்டப்போறியா?"

என் மகளுக்காகக் கேட்கிறேன். பதினேழு வயது. அவர் போன நாளிலிருந்து அவள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விடுகிறாள். நான் உள்ளே போனால் போர்வையை இழுத்துக்கொள்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை கதவில் சாய்ந்து கேட்டேன்: "என்கிட்ட என்னடி கோபம்?"

"ஒண்ணுமில்லம்மா. விடு."

"அப்பா போனதுக்கு நான்தான் காரணமா?"

போர்வையை இன்னும் மேலே இழுத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "நான் மே ஒண்ணாம் தேதியிலேர்ந்து அப்பாகூட இருந்துக்கறேன்."

நான் துருவித் துருவிக் கேட்டே அவரை விரட்டிவிட்டேன் என்று அவள் நினைக்கிறாள். மார்ச் 27, அந்த வியாழக்கிழமைதான் அவருக்கு மனசு முறிந்தது என்று நினைக்கிறாள். ஜனவரியிலோ பிப்ரவரியிலோ அவர் முடிவெடுத்துவிட்டார், நான் எது கேட்டிருந்தாலும் கேட்காவிட்டாலும் போயிருப்பார் என்று யாராவது ஒருவர் எழுதித் தர வேண்டும். நான் சொன்னால் அது புலம்பல். நீங்கள் சொன்னால் சாட்சி. அவளுக்கு நான் வேறு எதையும் காட்டப்போவதில்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், மானம் போனது போனதுதான். பிப்ரவரியில் எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தேன். "என்னம்மா விசேஷம்?" என்று கேட்டார்கள். "ஒண்ணுமில்ல, வீட்ல எல்லாம் சரியாயிடுச்சு" என்றேன். அந்தப் பதவிக்குப் போனது என்னிடம் வேலை கற்ற பெண். இப்போது அவள் கையெழுத்துக்கு நான் அறிக்கை அனுப்புகிறேன். போனில் அவள் என்னிடம் இன்னமும் அக்கா என்று மரியாதையாகத்தான் பேசுகிறாள். அதுதான் தாங்கவில்லை.

ஒன்பதாம் தேதி ஐந்தரைக்கு உங்கள் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் நேரத்தை வேறொரு ஜோடிக்குக் கொடுத்துவிட்டீர்கள் போலிருக்கிறது. அந்தப் பெண் கையில் ஹெல்மெட் இருந்தது. கதவைத் திறந்து அவர்களை உள்ளே விட்டீர்கள். என்னைப் பார்த்தீர்கள். மூடினீர்கள்.

புதன் ஐந்தரையாக இருந்தவள்

•

ஏப்ரல் 17, வியாழன்

புதன் ஐந்தரை (மனைவி) அவர்களுக்கு, நகல் கணவருக்கு

படியில் நீங்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். பார்க்காததுபோல் இருந்தது தவறு. ஒரு தலையசைப்பாவது செய்திருக்கலாம். அதற்கு வருந்துகிறேன்.

உங்கள் மகளைப் பற்றி எழுதியதைப் பலமுறை படித்தேன். ஆனால் குழந்தைகளிடம் சாட்சி சொல்லக்கூடாது என்ற விதியை நான் விளையாட்டாக வைக்கவில்லை. பெற்றோரில் ஒருவர் கையில் நான் எழுதிய காகிதம் இருந்தால், அது மற்றவருக்கு எதிரான கத்தியாகும். முன்பு ஒருமுறை அப்படி ஆயிற்று.

விதி நான்கை எடுத்துக் காட்டியிருக்கிறீர்கள். நியாயம். ஆனால் ஒன்றை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. டிசம்பர் முதல் வாரம் என் தபால் பெட்டியில் ஒரு துண்டுக் காகிதம் கிடந்தது. உங்கள் கையெழுத்து. "அவர் கூடத்தில் சோபாவில் படுக்கிறார். உள்ளே வந்து படுக்கச் சொல்லுங்கள். நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம்." விதிப்படி அதன் நகல் அவருக்குப் போயிருக்க வேண்டும். நான் அனுப்பவில்லை. டிசம்பர் 11 சந்திப்பில், எனக்கே தோன்றிய கேள்விபோல, "வீட்ல ரெண்டு பேரும் எங்க தூங்கறீங்க?" என்று கேட்டேன். அவர் முகம் சிவந்தது. அடுத்த வாரம் அவர் உள்ளே படுப்பதாக நீங்கள் சொன்னீர்கள்.

ஆக, விதியை நான் முதலில் தளர்த்தியது உங்களுக்காக. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை.

கணவரின் கையெழுத்தை வாங்கி வாருங்கள். அன்றே எழுதித் தருகிறேன்.

ஆலோசகர்

•

ஏப்ரல் 21, திங்கள்

மேடம்,

குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை என்று எழுதியபோதே அது என்னவென்று தெரிந்துவிட்டது.

ஆமாம், அந்தத் துண்டுக் காகிதத்தை எழுதினேன். பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் எழுதும் தாளின் ஓரத்தைக் கிழித்து எழுதினேன், மதியச் சாப்பாட்டு நேரத்தில். நாற்பத்தைந்து வயதில் ஒரு பெண் தன் கணவன் பக்கத்தில் வந்து படுக்க வேண்டும் என்று மூன்றாம் மனிதரிடம் எழுதிக் கேட்கிறாள். அதை நீங்கள் என் கண் முன்னால் பிரித்து வைப்பீர்கள் என்று நினைக்கவில்லை. அதன் நகல் இப்போது அவரிடம் இருக்கிறது. படித்திருப்பார். சரி. பொதுவானவைதானே எல்லாம்.

கையெழுத்து வாங்கப் போனேன். சனிக்கிழமை காலை. டிரைவிங் ஸ்கூல் வாசலில் வண்டி கிளம்பத் தயாராக இருந்தது. ஸ்டீரிங்கில் ஒரு பல் டாக்டர். ஐம்பது வயதில் கார் கற்றுக்கொள்கிறாராம். பக்கத்தில் இவர். நான் பின்கதவைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். வேறு வழியில்லை, இறங்கினால் உள்ளே போய்விடுவார்.

"என்ன இது?" என்றார்.

"ஒரு கையெழுத்து. போட்டா இறங்கிடறேன்."

"நான் வேணா இறங்கிக்கட்டுமா சார்?" என்றார் பல் டாக்டர்.

"நீங்க ரோட்டைப் பாருங்க. கிளட்சை மெதுவா விடுங்க."

அவர் மெதுவாக விடவில்லை. வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது.

"பழசைக் கிளறி என்ன ஆகப்போகுது உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் ஆக வேண்டாம். அவ உங்ககூட வர்றேங்கறா. என்னைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டு வர்றான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அவளா சொன்னா நான் என்ன பண்ண? நான் கூப்பிடல."

"நீங்க எப்போ முடிவு பண்ணீங்கன்னு அவகிட்ட சொல்லுங்க, போதும்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வண்டி இரண்டாம் முறை கிளம்பி, முச்சந்தி வரை போய், அங்கே அணைந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. "எந்தப் பக்கம் திரும்பணும்னு யாராவது சொல்லுங்களேன்" என்றார் பல் டாக்டர். நான் இறங்கி நடந்து வந்துவிட்டேன்.

கையெழுத்து கிடைக்காது. எனவே உங்களுக்கும் நிம்மதி. இனிக் கேட்க மாட்டேன். அவள் முப்பதாம் தேதி பெட்டி கட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

(மனைவி)

•

ஏப்ரல் 24, வியாழன்

உங்களுக்கு, நகல் அவருக்கு

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் நான் நல்லவளாக இருந்தேன்.

அவர் என்னிடம் சொன்னது அவருடையது. அதை எழுத அவர் கையெழுத்து வேண்டும். நான் செய்தது என்னுடையது. அதை எழுத யார் கையெழுத்தும் வேண்டாம். இது எனக்கு உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துதான் இருந்தது. இருவர் கையெழுத்து என்ற விதியை எடுத்து முன்னால் பிடித்துக்கொண்டேன்.

ஜனவரி 15, புதன். எங்கோ பெரிய குழாய் உடைந்து, நீங்கள் பரிசோதனைக்கான தண்ணீர் மாதிரியை எடுக்கப் போயிருந்தீர்கள். இருபத்திரண்டு நிமிடம் தாமதம். இருவரும் வந்து உட்காராமல் பேச்சைத் தொடங்கக்கூடாது என்பது விதி இரண்டு. அவர் வெளியே வராந்தாவில் இருந்தார், சாரல் அடித்தது. உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். அவர் பேசினார். நான் நிறுத்தவில்லை. நீங்கள் நனைந்த குடையோடு வந்தபோது அவர் எழுந்துவந்து குடையை வாங்கி மூலையில் விரித்து வைத்தார். நவம்பரிலிருந்து அவர் உங்களுக்காக எழுந்தது அதுவே முதல் தடவை.

அவர் சொன்னது என்ன என்று எழுத மாட்டேன். உங்களிடமிருந்து நான் மறைத்துவைக்கக் கூடாத ஒன்று. அவ்வளவு.

இரண்டு சந்திப்பு அவகாசம் ஜனவரி 29 அன்று முடிந்தது. அன்று நீங்கள் கை கழுவப் போனபோது "இன்னும் ஒரு வாரம் மேடம்" என்றார். சரி என்றேன். அடுத்த வாரமும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதைத்தான் நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

அவர் மாறிவிட்டிருந்தார். காய் நறுக்கித் தருகிறார், வேலை முடிந்ததும் வந்து அழைத்துப்போகிறார், என் கதையைக் கேட்கிறார் என்று ஒவ்வொரு வாரமும் சொன்னீர்கள். மனதில் இருந்ததை என் மடியில் இறக்கிவைத்துவிட்டு அவர் லேசாகிவிட்டார். அந்த லேசைத்தான் நீங்கள் அன்பு என்று எடுத்துக்கொண்டீர்கள். நான் அதை என் திறமை என்று எடுத்துக்கொண்டேன். பிப்ரவரி 12 அன்று நீங்கள் என் கையைப் பிடித்து, "என் புருஷனைத் திருப்பிக் குடுத்துட்டீங்க மேடம்" என்றீர்கள். "அது உங்க ரெண்டு பேரோட உழைப்பு" என்றேன். அடக்கமாகச் சொன்னேன். அன்று வீட்டுக்கு நடந்துபோனேன். வழியெல்லாம் சந்தோஷமாக இருந்தது. எல்லாம் தெரிந்தே சந்தோஷமாக இருந்தது.

பிப்ரவரி 19. நீங்கள் கேட்ட நிமிடம். தெரியும். எனக்கு ஐந்து வாரமாகத் தெரியும். "நாளைக்குக் குடுத்துடுவேன்" என்று நீங்கள் சொன்னபோது, "கொடுக்காதீங்க" என்ற ஒரு சொல் போதும். அதுகூட வேண்டாம், "இந்தச் சந்திப்புகளை இன்றோடு நிறுத்துகிறேன்" என்று என் விதியையாவது சொல்லியிருந்தால் உங்களுக்குப் புரிந்திருக்கும், அந்தப் பதவியை விட்டிருக்க மாட்டீர்கள். பேனாவை மூடினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்னதைக் குறித்துக்கொள்ள முடியாமல் மூடினேன். பிறகு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

மார்ச் 12 அன்று, "பரீட்சை நேரம், இத்தோட நிறுத்திக்கலாம்" என்று அவர் சொன்னபோது கடிகாரத்தைப் பார்த்தேன். இன்னும் இருபது நிமிடம் இருந்தது. அதை ஓட்டிவிட்டால் போதும் என்றிருந்தது. உங்களை வாசல்வரை வந்து வழியனுப்பினேன். யாரையும் நான் அப்படி வழியனுப்புவதில்லை.

டிசம்பர் காகிதத்தைப் போன கடிதத்தில் எடுத்தது கேவலம். எனக்கு ஒரு துணை தேவைப்பட்டது. உங்களையே இழுத்தேன். அதைவிட, நகல் போகும் கடிதத்தில் அதை எழுதினேன்.

என் வேலையை மேற்பார்க்கும் மூத்த ஆலோசகரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "எத்தனை வருஷமா இந்த வேலை பாக்கறே?" என்று மட்டும் கேட்டார். இருபத்தாறு. புது ஜோடிகளை எடுப்பதை நிறுத்தியிருக்கிறேன். அவர் என்ன சொல்கிறாரோ அதன்படி.

குழந்தைகளிடம் சாட்சி சொல்லக்கூடாது என்று எழுதினேன். இது சாட்சி இல்லை. உங்கள் வீட்டில் நடந்த ஒன்றை முன்பே தெரிந்துகொண்டு, பயத்தாலும் பெருமையாலும் வாயை மூடிக்கொண்டிருந்த ஒரு வயதான பெண் எழுதியது. யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

ஆலோசகர்

•

மே 2, வெள்ளி

மேடம்,

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. "தெரியும்" என்ற சொல்லுக்காக ஒரு மாதம் அலைந்தேன். கிடைத்ததும் வேண்டாமென்று இருந்தது. குடை விஷயம்தான் என்னை ரொம்பப் படுத்தியது. அந்த நாளை நான் நல்ல நாள் என்று வைத்திருந்தேன்.

நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். உங்களுக்குக் கடன்பட்டு எழுதவில்லை. வேறு யாரிடமும் சொல்ல முடியாது, அக்காவிடம் சொன்னால் என் மகளைத் திட்டுவாள்.

முப்பதாம் தேதி சாயந்திரம் அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். உங்கள் கடிதத்தைக் கட்டிலில், மடித்த துணி மேல் வைத்தேன். "இதைப் படிச்சிட்டுப் போ. அப்புறம் உன் இஷ்டம்" என்றேன். சமையலறைக்குப் போய்விட்டேன். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன், மேடம். அவள் அழுதுகொண்டு வந்து, "அம்மா, உன் மேல தப்பில்ல" என்று சொல்வாள் என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அரை மணி நேரம் கழித்து வந்தாள். கடிதம் கையில் இருந்தது. வாசற்படியிலேயே நின்றாள்.

"இவங்களுக்கு என்ன வயசும்மா?"

"அறுபது இருக்கும். ஏன்?"

"அறுபது வயசுலயும் இப்படிப் பயப்படுவாங்களா?"

"படிச்சவங்கதான். பயம் யாரை விட்டுது?"

அவள் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கும் தெரியும்மா."

எனக்கு முதலில் விளங்கவில்லை. கடிதத்தைப் படித்ததால் தெரியும் என்கிறாளோ என்று நினைத்தேன். இல்லை. ஜனவரி முதல் வாரம், உங்களுக்கும் முன்பே. அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கூட்டிக்கொண்டு போய், மைதானத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, தான் வீட்டைவிட்டுப் போகப்போவதைச் சொல்லியிருக்கிறார். "உன் பரீட்சை முடியட்டும், அம்மாகிட்ட நானே சொல்றேன். நீ மனசுல வெச்சுக்கோ. நீ பெரிய பொண்ணுல்ல." சொல்லிவிட்டு அவளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பரீட்சைக்காகக் காத்திருக்கிறாராம். அதைப் பரீட்சை எழுதப்போகும் பிள்ளையிடமே சொல்லியிருக்கிறார்.

மூன்று மாதம் அதை வைத்துக்கொண்டு படித்திருக்கிறாள். என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். நான் பாட்டுப் பாடிக்கொண்டு துணி மடித்ததைப் பார்த்திருக்கிறாள். அவள் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குப் போனது என் மேல் கோபத்தால் இல்லை. அப்பாவோடு போகிறேன் என்றது அவர் மேல் ஆசையாலும் இல்லை. "உன் மூஞ்சியைப் பாக்க முடியலம்மா" என்றாள். நான் எதை அவள் கண்ணில் குற்றச்சாட்டு என்று ஒரு மாதமாகப் படித்தேனோ, அது வெட்கம். தினமும் தண்ணீர் மாதிரியைச் சோதித்து முடிவு எழுதுகிறவள் நான்.

பிறகு இன்னொன்று சொன்னாள். அதைச் சொல்லும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிப்ரவரி இருபதாம் தேதி காலை எனக்கு அவசரமாக வெளிவேலை. அந்த "வேண்டாம்" கடிதத்தைத் தலைமை அலுவலகத்தில் கொடுக்கச் சொல்லி அவளிடம்தான் கொடுத்து அனுப்பினேன், பள்ளிக்கூடம் போகும் வழிதானே என்று. நான் இதை உங்களுக்கு எழுதியதில்லை. எனக்கு அது ஒரு விஷயமாகவே தோன்றியதில்லை.

"ஆபீஸ் கேட்டுக்கு வெளிய முக்கால் மணி நேரம் நின்னேன்மா. கிழிச்சுப் போட்டுடலாமான்னு பாத்தேன். கிழிச்சா ஏன் கிழிச்சேன்னு நீ கேப்பே. அப்புறம் குடுத்துட்டேன். அங்க இருந்தவர் சீல் வெச்சுக் குடுத்தாரு. அந்த ரசீதைக் கொண்டுவந்து உன்கிட்டயே குடுத்தேன். நீ தேங்க்ஸ்னு சொன்னே."

நான் அவளைத் திட்டவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. திட்டினேன். "உன்னை வயித்துல வெச்சு வளத்ததுக்கு" என்று ஆரம்பித்து, எழுதக் கூசும் வார்த்தைகளெல்லாம் சொன்னேன். அவள் நின்று வாங்கிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு வாய் நின்றுவிட்டது. மாதக்கணக்காக இந்தத் திட்டுக்காகத்தான் காத்திருந்தாள் போலிருந்தது. அதற்கப்புறம் இரண்டு பேரும் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டோம். அடுப்பில் வைத்தது தீய்ந்துபோனது.

நேற்று மே ஒன்று. அவள் போகவில்லை. இருப்பாளா என்றும் சொல்லவில்லை. பெட்டியில் பாதித் துணி உள்ளே, பாதி வெளியே. அவர் போன் செய்தார், அவள் எடுத்து, "அப்பா, நீங்க என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது" என்றாள். அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருக்க நான் எவ்வளவு பாடுபட்டேன் என்று உங்களுக்குத் தெரியும்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். நேற்று மதியம் சாப்பிடும்போதுகூட உங்களைத் திட்டிக்கொண்டே பரிமாறினேன், படிச்ச பொம்பளை, வாசல்வரை வந்து வழியனுப்பினாளாம் என்று. அவள் கேட்டாள்: "அவங்க செஞ்சதைத்தானே நானும் செஞ்சேன். எனக்கு மட்டும் ஏம்மா சோறு போடறே?"

அவள் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன். ஏன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆனால் அவள் எதிரில் உங்களைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன். நான் திட்ட ஆரம்பித்தால் அவள் தட்டிலிருந்து கையை எடுத்துவிடுகிறாள்.

(தாய்)